‘குட்ஃபெல்லாஸ்’ மனப்பாடம், ‘வைஸ்கை’ மட்டும் முப்பது பக்கம் தாண்ட மாட்டேங்குது. எப்படிப் படிக்கிறது?

தண்டையார்பேட்டை_21:

மார்ட்டின் ஸ்கார்செஸியோட நியூயார்க் மாஃபியா படம் ‘குட்ஃபெல்லாஸ்’ (1990), எந்த சீன்ல நிறுத்தினாலும் அடுத்த வசனம் சொல்லிடலாம், அந்த அளவுக்குப் பிடிக்கும். அதுக்கு மூலமான நிக்கோலஸ் பிலெஜ்ஜியோட ‘வைஸ்கை’ இப்போ கையில இருக்கு. பேரெல்லாம் வேற மாதிரி இருக்கு. திடீர்னு ஒருத்தர் ‘நான்’னு பேச ஆரம்பிக்கிறார், யாருன்னே தெரியலை. படம் மாதிரி கார் டிக்கியில ஆள் கிடக்கிற சீன்ல ஆரம்பிக்கும்னு பார்த்தா அதையும் காணோம். இங்கிலீஷ் பேப்பர் படிக்கிற அளவுக்கு வரும், அகராதி வெச்சுக்கிட்டு உட்கார பொறுமை இல்லை.

எப்படிப் படிச்சா ஓடும்? படத்துல இல்லாத சமாச்சாரம் எவ்வளவு இருக்கு? முக்கியமா, கதையோட நிஜ நாயகன், மாஃபியா கூட்டத்துல இருந்த அந்த ஹென்றி ஹில் சொல்றதை எந்த அளவுக்கு நம்பலாம்?

பழைய_வண்ணை:

முதல்ல பேர் விவகாரத்தை முடிச்சிடலாம், பாதிப் பேர் தடுக்கி விழுறது அங்கதான். ஒரு துண்டுச் சீட்டுல எழுதி புக்மார்க்கா சொருகிக்குங்க. ஹென்றியும் அவன் மனைவி கேரனும் படத்திலும் அதே பேர்தான். கூட்டத்துத் தலைவர் படத்துல பால் சிசெரோ, புத்தகத்துல பால் வாரியோ. ஜிம்மி கான்வே இங்க ஜிம்மி பர்க். டாமி டெவிட்டோ இங்க டாமி டெசிமோன். பொய்முடிக் கடை மோரி இங்க மார்ட்டி க்ரூக்மன். இந்த நாலு ஜோடி போதும், முக்கால்வாசி புத்தகம் திறந்துடும். கல்யாண சீன்ல எல்லாரும் பீட்டர், பால்னு அறிமுகம் ஆவாங்களே, வாரியோ குடும்பம் வர்ற பக்கங்கள்ல அந்தக் குழப்பம் நிஜமாவே வரும். அங்க நின்னு யோசிக்காம தாண்டிப் போங்க.

அடுத்தது யார் பேசுறாங்கங்கிறது. பிலெஜ்ஜி நியூயார்க்ல பல வருஷம் கிரைம் செய்தி எழுதினவர். அவர் பேசுறப்போ ‘ஹென்றி’னு படர்க்கையில போகும். அப்புறம் ஹென்றியே பேசுற நீளமான பகுதி வரும், பக்கக்கணக்கா. நடுநடுவுல கேரன் பேசுவா. பத்தி மேற்கோள் குறியோட தொடங்குதான்னு பாருங்க, தொடங்கினா பேச்சு, இல்லைன்னா பிலெஜ்ஜி. பேச்சு நீளமா ஓடுறப்போ ஒவ்வொரு பத்தியும் குறியோட ஆரம்பிக்கும், ஆனா மூடுற குறி கடைசிப் பத்தியிலதான் வரும். இது தெரியாம ‘குறி மூடலையே, அச்சுப்பிழையா’ன்னு நினைக்கிறவங்க உண்டு. படத்துல பின்னணிக் குரல் அவ்வளவு உயிரோட இருக்க இந்தப் பேச்சுப் பகுதிகள்தான் காரணம்.

உங்களுக்கு மட்டும் ஒரு குறுக்கு வழி: பேச்சுப் பகுதிகளை முதல்ல படிங்க. இங்கிலீஷ் சுலபம், தெருப் பேச்சு, சின்னச் சின்ன வாக்கியம். பிலெஜ்ஜியோட பகுதியை ரெண்டாவது சுற்றுல பார்த்துக்கலாம்.

அகராதி உதவாத சில வார்த்தைகளுக்கு நம்ம ஊர்லயே ஆள் இருக்கு. ‘விக்’னா வட்டி, நம்ம மீட்டர் வட்டிதான், அசல் அப்படியே நிக்கும். ‘ஃபென்ஸ்’ திருட்டுச் சரக்கு வாங்கி விக்கிறவன். ‘மேட்’ ஆனவன்னா இத்தாலிய வம்சாவளி, முறைப்படி மாஃபியா குடும்பத்துல சேர்த்துக்கப்பட்டவன், மேலிடத்து அனுமதி இல்லாம அவன் மேல கை வைக்க முடியாது. ஹென்றிக்கு அப்பா ஐரிஷ், அம்மா சிசிலி. ஜிம்மியும் ஐரிஷ்தான். அதனால அவனுக்கும் ஜிம்மிக்கும் அந்தப் பதவி கடைசி வரைக்கும் கிடைக்காது. ‘மேட்’ ஆனவன் மேல கை வைக்கக் கூடாதுங்கிறதை மனசுல வெச்சுக்கிட்டா டாமியோட முடிவு ஏன் அப்படி ஆச்சுன்னு தானா புரியும்.

எதிர்பார்க்கக் கூடாத சிலதும் இருக்கு. ‘நான் என்ன கோமாளியா’ன்னு டாமி மிரட்டுற அந்த மேஜை சீன் புத்தகத்துல இல்லை. அது டாமியா நடிச்ச ஜோ பெஸ்கி தன் அனுபவத்துல இருந்து கொண்டு வந்தது. புத்தகத்து டாமி ஆள் வாட்டசாட்டம், வயசுல ஹென்றியை விடச் சின்னவன். பெஸ்கி முகத்தை வெச்சுக்கிட்டுப் படிச்சா ஒட்டாது. ஜெயில்ல ரேசர் பிளேடால பூண்டு சீவுற கதை மட்டும் ஹென்றி வாயால அப்படியே இருக்கு, தேடிப் பிடிச்சுப் படிங்க.

கல்மண்டபம்_ராயபுரம்:

ஹார்பர் பக்கம் வேலை பார்க்கிறவங்களுக்கு இந்தப் புத்தகத்துல பாதி தானாவே புரியும். சரக்கு எங்க இறங்குது, யார் கையெழுத்து போட்டா கேட் தாண்டும், வண்டி எங்க நிக்கும்னு தெரிஞ்சவனுக்குத்தான் அது எப்படிக் காணாம போகும்னும் தெரியும். நம்ம ஹார்பர் ஜீரோ கேட் வரிசையில நிக்கிற டிரெய்லரை மனசுல வெச்சுக்கிட்டு நியூயார்க் கென்னடி விமான நிலையச் சரக்குப் பகுதியைப் படிங்க.

படத்துல லாரிக் கடத்தல் ரெண்டு நிமிஷம். புத்தகத்துல அதோட வேலைமுறை இருக்கு. பாதிக்கு மேல நிஜக் கடத்தலே கிடையாது, டிரைவரே உடந்தை. சாவியை வண்டியிலேயே விட்டுட்டு சாப்பிடப் போவான். வெளிய வந்து ‘ஐயோ, வண்டியைக் காணோம்’னு கத்துவான். உடந்தை இல்லாத டிரைவரா இருந்தா லைசென்ஸைப் பிடுங்கிப் பார்ப்பாங்க. பேரும் வீட்டு விலாசமும் எங்ககிட்ட இருக்கு, போலீஸ்ல அடையாளம் காட்டாதேங்கிறதுதான் அதுக்கு அர்த்தம். ஜிம்மி ஒரு நோட்டையும் பாக்கெட்ல சொருகுவார், பயமும் சேர்ந்து நன்றியும் சேர்ந்து. படத்துல அது ஸ்டைல் மாதிரி தெரியும், புத்தகத்துல அது தொழில்.

1967-ல கென்னடியில ஏர் பிரான்ஸ் பணத்தைத் திருடின விஷயமும் அப்படித்தான். 4,20,000 டாலர், துப்பாக்கி எடுக்கலை. காவலாளியோட பலவீனத்தைப் பிடிச்சு, அவன் கவனம் வேற பக்கம் இருந்த நேரத்துல சாவியை எடுத்து நகல் பண்ணித் திருப்பி வெச்சுட்டாங்க. படம் இதைச் சட்டுனு தாண்டிடும். நீங்க தாண்டாதீங்க, அந்தப் பக்கங்கள் அருமை.

அதே விமான நிலையத்துல நடந்த லுஃப்தான்சா கொள்ளை பற்றியும் சொல்லிடறேன். 1978 டிசம்பர் 11, ரொக்கம் சுமார் 50 லட்சம் டாலர், நகை 8,75,000 டாலர். அன்னைக்கு டாலர் எட்டு ரூபாய் சுமார், அந்தக் கணக்குல ஏறத்தாழ நாலே முக்கால் கோடி ரூபாய். படத்துல ஹென்றி குளிச்சுக்கிட்டே ரேடியோவுல கேட்பான், அவ்வளவுதான். புத்தகத்துல சங்கிலி முழுசா வருது. லூயிஸ் வெர்னர்னு சரக்குப் பிரிவு ஊழியன், பந்தயத்துல தோத்து மார்ட்டி க்ரூக்மனுக்குக் கடன்பட்டவன். அவன் துப்பு மார்ட்டிக்கு, மார்ட்டி ஹென்றிக்கு, ஹென்றி ஜிம்மிக்கு. எந்த ஊர்லயும் கேட்டை உள்ளேருந்து திறக்கிறவன் கடன்காரன்தான்.

அவ்வளவு சுத்தமா நடந்த வேலை, கொள்ளைக்குப் போன வேனால கெட்டுது. வேனைக் கொண்டு போய் நசுக்கி ஒழிச்சிட வேண்டியது கூட்டாளி ஸ்டாக்ஸ் எட்வர்ட்ஸோட ஒரே பொறுப்பு. அவன் அதை நோ பார்க்கிங்ல விட்டுட்டுப் போயிட்டான். ரெண்டு நாள்ல போலீஸ் கையில வேன், அதுல கைரேகை. அதுக்கப்புறம் ஜிம்மிக்குப் பணத்தைப் பங்கு போடுறதை விட ஆளைக் குறைக்கிறது மலிவாத் தெரிஞ்சுது.

பெரம்பூர்_லோகோ:

படத்துல கிட்டத்தட்ட விட்டே போனது பாஸ்டன் காலேஜ் கூடைப்பந்து பந்தய மோசடி, 1978–79 சீசன். இதைப் புரியாம தாண்டிடறாங்க, அதனால கணக்கைச் சொல்றேன்.

அங்க பந்தயம் யார் ஜெயிப்பாங்கங்கிறது மேல இல்லை, எத்தனை புள்ளி வித்தியாசத்துலங்கிறது மேல. ஒரு அணி 10 புள்ளியில ஜெயிக்கும்னு புக்கி கோடு போட்டா, அது 6 புள்ளியில ஜெயிச்சாலும் எதிரணி மேல கட்டினவனுக்குப் பணம். ஆக ஆட்டக்காரன் தோத்துக்கொடுக்க வேண்டாம், கொஞ்சம் சோம்பினா போதும். கோச்சுக்கும் சந்தேகம் வராது, அணிதான் ஜெயிச்சிடுச்சே.

கெட்டுப்போறது எங்கன்னா, அஞ்சு பேர்ல ரெண்டு பேரை வாங்கினா மீதி மூணு பேர் நேர்மையா ஆடுவாங்க. வித்தியாசம் கையை விட்டுப் போகும். ஹோலி கிராஸோட ஆடினப்போ பாஸ்டன் காலேஜ் கோட்டை விடப் பெருசா தோத்தாகணும், ஆனா ரெண்டே புள்ளியில தோத்துது. கட்டின பணம் போச்சு. ஜிம்மிக்கு வந்த கோபத்தைப் புத்தகத்துலயே படிங்க.

இந்த விஷயம் வெளிய வந்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. லுஃப்தான்சா பத்தி விசாரிக்கிறப்போ பாஸ்டனுக்கு ஏன் போனேன்னு ஹென்றி போற போக்குல சொல்றான். அவனுக்கு அது குற்றமாவே தோணலை. எதிர்ல உட்கார்ந்திருந்த அரசு வக்கீல் எட்வர்ட் மெக்டொனால்ட் அதே காலேஜ்ல படிச்சவர். படத்துல கடைசியில ஹென்றி, கேரன்கிட்ட சாட்சிப் பாதுகாப்பு பத்திப் பேசுறாரே, அவர் நடிகர் இல்லை, இதே மெக்டொனால்ட்தான்.

தண்டையார்பேட்டை_21:

சீட்டு எழுதிட்டேன், பேச்சுப் பகுதி நிஜமாவே ஓடுது. நன்றி வண்ணை அண்ணே. நம்பகத்தன்மை கேள்விக்கு யாராவது?

பாரிமுனை_வக்கீல்:

இந்தப் புத்தகத்தை நாவலாகவும் படிக்கக் கூடாது, வரலாறாகவும் படிக்கக் கூடாது. இது ஒரு அப்ரூவரின், அதாவது மன்னிப்புக்காகக் கூட்டாளிகளுக்கு எதிராகச் சாட்சி சொல்பவரின், வாக்குமூலம். 1980-ல் போதைப்பொருள் வழக்கில் கைதாகி, ஒரு பக்கம் நீண்ட தண்டனையும் மறுபக்கம் ஜிம்மியும் நிற்க, வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தவர் ஹென்றி. புத்தகம் அந்தக் கட்டத்தில் தொடங்குவதே ஒரு நேர்மை என்பேன். டிக்கியில் தொடங்கினால் சாகசக் கதை. சிறையில் தொடங்கினால், இவன் ஏன் பேசுகிறான் என்ற கேள்வியோடு படிப்போம்.

நம் நீதிமன்றங்களில் அப்ரூவரை எப்படி எடைபோடுவார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இது எளிது. மன்னிப்பு வழங்குவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 306-ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ் சட்டத்தில் 343. பழைய சாட்சியச் சட்டம் 133-ஆம் பிரிவு உடந்தைக் குற்றவாளியும் சாட்சி சொல்லலாம் என்றது. 114-இன் எடுத்துக்காட்டு (பி), முக்கிய விவரங்களில் வேறு ஆதாரம் துணை நிற்காவிட்டால் அவன் பேச்சை நம்பத் தகாததாகக் கொள்ளலாம் என்றது. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் வாசிப்புமுறை கிடைத்துவிடும்.

அதாவது பென்சிலை எடுத்து ஓரத்தில் மூன்று விதமாகக் குறியுங்கள். ஹென்றி தானே செய்தது, கண்ணால் பார்த்தது, பிறர் சொல்லக் கேட்டது. லுஃப்தான்சா கொள்ளை நடந்தபோது ஹென்றி அங்கே இல்லை. ஆகவே கட்டடத்துக்குள் நடந்தவற்றில் அவர் சாட்சியே அல்ல. அவர் சாட்சியம் நீதிமன்றத்தில் நின்ற இடங்களும் உண்டு. பாஸ்டன் காலேஜ் வழக்கில் பர்க்குக்கு 20 ஆண்டு. ஹென்றி பரோலில் வர, இல்லாத வேலை ஒன்றை இருப்பதாகக் காட்டியதற்காக வாரியோவுக்குத் தண்டனை. அத்தனை பெரிய மனிதரை உள்ளே தள்ளியது ஒரு பொய் வேலைக் கடிதம் என்பது படத்தில் வராது.

அப்ரூவர் வழுக்குவது பெரும்பாலும் தன் பங்கைச் சொல்லும்போதுதான். அடித்தவன் வேறு, கொன்றவன் வேறு, நான் வண்டி ஓட்டினேன், குழி தோண்டினேன் என்றே போகும். அந்த இடங்களில் கேரன் பேச்சைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவளும் தன்னைக் காப்பாற்றிக்கொண்டுதான் பேசுகிறாள், ஆனால் அவள் காப்பாற்றுவது வேறு பக்கத்தை.

இன்னொன்று, இந்தப் புத்தகமே வழக்காகி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. குற்றவாளி தன் கதையை விற்றுச் சம்பாதிக்கக் கூடாது, அந்தப் பணம் பாதிக்கப்பட்டவர்களுக்கு என்று நியூயார்க்கில் 1977-இல் ஒரு சட்டம். ஹென்றிக்கு அதற்குள் 96,250 டாலர் போயிருந்தது. பதிப்பாளர் சைமன் அண்ட் ஷூஸ்டர் எதிர்த்துப் போராடி, 1991 டிசம்பர் 10-இல் அந்தச் சட்டம் பேச்சுரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பு வாங்கியது. இந்தச் சட்டம் இப்படியே நின்றால் இளமையில் பேரிக்காய் திருடியதை எழுதிய புனித அகஸ்டீனின் நூலும் மாட்டும் என்ற வாதத்தைத் தீர்ப்பில் காணலாம். பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் நின்று பார்த்தால் எனக்கு அந்தத் தீர்ப்பில் முழு திருப்தி இல்லை. அது வேறு பேச்சு.

மூலக்கொத்தளம்_பைண்டிங்:

வாங்காதவங்களுக்கு: படத்தோட பேரை அட்டையில போட்டும் இதே புத்தகம் வந்திருக்கு. ரெண்டும் ஒண்ணுதான், ரெண்டையும் வாங்கிடாதீங்க. முந்நூறு பக்கத்துக்குள்ளதான் இருக்கும். பழைய புத்தகக் கடைகள்ல தேடுறப்போ நடுவுல விரிச்சு அச்சைப் பாருங்க. திருட்டுப் பதிப்புன்னா எழுத்து மங்கலாவும், உள் ஓரம் தையலுக்குள்ள போயும் இருக்கும். இந்தப் புத்தகத்துல மேற்கோள் குறி தெரியலைன்னா யார் பேசுறாங்கன்னே போச்சு.

தண்டையார்பேட்டை_21:

கடைசியா ஒண்ணு. அந்த டிக்கி சீன் எங்கதான் வருது?

பழைய_வண்ணை:

அது 1970-ல நடந்தது, அதனால அந்த வருஷம் வர்ற இடத்துலதான் வரும். டிக்கியில கிடக்கிற பில்லி பேட்ஸ், கம்பினோங்கிற இன்னொரு மாஃபியா குடும்பத்து ஆள், ‘மேட்’ ஆனவர்னு தெரிஞ்ச பிறகு படிக்கிறப்போ, டிக்கியில என்ன கிடக்குங்கிறதை விட யாருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்கிறதுதான் வயித்தைக் கலக்கும். படம் அதைத் தூக்கி முன்னாடி வெச்சுட்டதால நாம அந்தப் பயத்தை அனுபவிக்கவே இல்லை. புதைச்ச இடத்துல கட்டடம் வரப்போகுதுன்னு திரும்பத் தோண்டி எடுக்கிறது புத்தகத்துலயும் உண்டு. சாப்பிட்ட கையோட படிக்காதீங்க.