கிரியாட்டினின் 0.6தான், ஆனால் ஸ்கேனில் இரண்டு கிட்னியிலும் வீக்கம்: தண்டுவடக் காயம், டி10

தும்பை:
வணக்கம். வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும் நர்ஸ் நான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நோயாளி 34 வயது ஆண். தென்னை மரத்திலிருந்து விழுந்து டி10 (நெஞ்சுப் பகுதியின் பத்தாவது தண்டுவட) மட்டத்தில் தண்டுவடம் முழுக்க அடிபட்டு எட்டு மாதம் ஆகிறது. ஒரு நாளைக்கு நான்கு முறை தானே ட்யூப் போட்டுச் சிறுநீர் எடுக்கிறார். காலையில் 700 மி.லி. வருகிறது, மற்ற வேளைகளில் 500 அளவில். இடையிடையே கசிவதால் பேட் வைத்துக்கொள்கிறார். சிறுநீர்ப்பையைத் தளர்த்தும் ஆக்ஸிபியூட்டினின் 2.5 மி.கி. இரண்டு வேளை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வாய் உலர்கிறதென்று பாதி நாள் விழுங்குவதில்லை.

போன வாரம் எடுத்த ஸ்கேனில் இரு பக்கமும் லேசான ஹைட்ரோநெஃப்ரோசிஸ் (சிறுநீர் தேங்கிக் கிட்னி வீங்குவது), சிறுநீர்ப்பைச் சுவர் தடிப்பு. கிட்னியின் வேலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் 0.6 என்பதால் "கிட்னி நல்லாத்தான் இருக்கு" என்று வீட்டில் நிம்மதியாக இருக்கிறார்கள். சிறுநீர்க் கல்ச்சரில் (கிருமிப் பரிசோதனை) இ.கோலை கிருமி மி.லி.க்கு 1 லட்சத்துக்கு மேல், காய்ச்சல் இல்லை. கேள்விகள் மூன்று. இந்த வீக்கத்தை விட்டுப் பார்க்கலாமா? கல்ச்சருக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டுமா? ட்யூப் போடுவதைக் குறைக்க அடிவயிற்றை அமுக்கி வெளியேற்றச் சொல்கிறார் ஓர் உறவினர், அது சரியா?

வைகைக்கரை:
விடக் கூடாது சிஸ்டர். டி10இல் அடிபட்டால் அதற்குக் கீழே உள்ள எஸ்2 முதல் எஸ்4 வரையான (தண்டுவடத்தின் அடிப்பகுதி) சிறுநீர்ப்பை நரம்பு மையம் உயிரோடு இருக்கும், மூளையின் கட்டுப்பாடு மட்டும் அறுந்திருக்கும். முதல் சில வாரம் சிறுநீர்ப்பை தளர்ந்து கிடக்கும். பிறகு கொஞ்சம் நிறைந்ததுமே தானாகச் சுருங்கத் தொடங்கும். அதே நேரத்தில் வாசலில் உள்ள சுருக்குத்தசையும் திறக்காமல் இறுகும். பை தள்ளுகிறது, வாசல் மூடியிருக்கிறது, உள்ளே அழுத்தம் ஏறுகிறது. கசிவது அந்த அழுத்தத்தில் பீறிட்டு வருவதுதான். பேட் வைத்துச் சமாளிக்கும் விஷயம் இல்லை அது.

கிட்னியிலிருந்து இறங்கும் குழாய் சிறு சிறு துடிப்பாகத்தான் சிறுநீரைத் தள்ளுகிறது. பைக்குள் அழுத்தம் 40 செ.மீ. நீர் அளவைத் தாண்டி நெடுநேரம் நின்றால் அந்தத் துடிப்பு தோற்றுவிடும், சிறுநீர் மேலே தேங்கும். 40 என்ற அந்தக் கோட்டை 1981இல் யூராலஜிஸ்ட் மெக்குவைர் குழுவினர் முதுகெலும்புப் பிறவிக் குறையுள்ள குழந்தைகளிடம் காட்டினார்கள். இன்றுவரை தண்டுவடக் காயத்துக்கும் அதைத்தான் எச்சரிக்கைக் கோடாக வைத்திருக்கிறார்கள். தடித்த சுவர், இரு பக்க வீக்கம், இடைக் கசிவு மூன்றும் சேர்ந்தால் யூரோடைனமிக்ஸ் பரிசோதனை (பையை நிரப்பி உள் அழுத்தத்தை அளப்பது) தள்ளிப்போடக் கூடாத ஒன்று. அடிபட்ட மூன்று முதல் ஆறு மாதத்திலேயே அதைச் செய்திருக்க வேண்டும்.

வயிற்றை அமுக்குவது இவருக்கு வேண்டவே வேண்டாம். மூடிய வாசலுக்கு எதிராக வெளியிலிருந்தும் அழுத்தினால் சிறுநீர் மேல்நோக்கித்தான் போகும்.

மூணாம் வார்டு:
கிரியாட்டினின் பற்றி: அது தசையிலிருந்து வருவது. எட்டு மாதத்தில் கால் தசை வற்றிப்போனவருக்கு 0.6 என்பது நிம்மதியான எண் அல்ல. 0.4 இருந்தவர் 0.8க்குப் போனால் வடிகட்டும் திறன் ஏறக்குறைய பாதியாகிவிட்டது என்று பொருள், ஆனால் லேப் ரிப்போர்ட்டில் இரண்டுமே நார்மல் என்றுதான் வரும். சிஸ்டாட்டின் சி பரிசோதனை தசையை அவ்வளவாகச் சார்ந்ததில்லை, அதைக் கேளுங்கள். முந்தைய ரிப்போர்ட் இருந்தால் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள்.

கல்ச்சர்: அறிகுறி இல்லாவிட்டால் மருந்து வேண்டாம். தினமும் ட்யூப் போடுபவர்களின் பையில் கிருமி குடியிருப்பது சகஜம். ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் ஒரு கோர்ஸ் கொடுத்தால், நிஜமாகக் காய்ச்சல் வரும் நாளில் வேலை செய்ய மருந்து மிஞ்சாது. வாடை, கலங்கல் மட்டும் போதாது. காய்ச்சல், குளிர் நடுக்கம், கால் இறுக்கம் திடீரென்று கூடுவது, வழக்கத்தைவிட அதிகக் கசிவு, காரணமில்லாத சோர்வு ஆகியவையே கணக்கு. இவருக்கு விலா வலி தெரியாமலே போகலாம், அதனால் வலிக்காகக் காத்திருக்காதீர்கள். வீங்கிய கிட்னியோடு நடுக்கக் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனை, மறுநாள் வரை இழுக்கக் கூடாது. கல்ச்சரில் புரோட்டியஸ் என்ற கிருமி திரும்பத் திரும்ப வந்தால் கல் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள்.

செவ்வந்தி:
ரத்த அழுத்தம் ஏறித் தலை வெடிக்கிற மாதிரி வலி வருமே, அதையும் சொல்லுங்கள்.

மூணாம் வார்டு:
அது டி6 அல்லது அதற்கு மேலே அடிபட்டவர்களுக்கு. டி10காரருக்கு அந்தப் பயம் அநேகமாக இல்லை. மேல் மட்டக் காயமென்றால் உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, ட்யூப் மடங்கியிருக்கிறதா, பை நிறைந்திருக்கிறதா, மலம் கட்டியிருக்கிறதா என்று அந்த வரிசையில் பார்க்க வேண்டும்.

வைகைக்கரை:
இப்போதைக்கு வீட்டில் செய்ய வேண்டியது. நீங்கள் சொன்ன கணக்கில் நாளுக்கு 2,200 மி.லி. வருகிறது, கசிவு தனி. ஒரு வேளைக்கு 400ஐத் தாண்டாமல் இருக்க ஆறு முறை வேண்டும்: காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10, பின்னிரவு 2. இரவு எழுவது கொடுமைதான். காலை 700 வருவதற்குக் காரணம், பகலெல்லாம் தொங்கும் காலில் தேங்கிய நீர் படுத்தபின் ரத்தத்துக்குத் திரும்புவது. மாலையில் ஒன்றிரண்டு மணி நேரம் கால்களை உயர்த்திப் படுக்கவைத்து, ஏழு மணிக்கு மேல் தண்ணீரைக் குறைத்தால் பின்னிரவு அளவு இறங்கும். மொத்தத் தண்ணீரை வெட்டாதீர்கள், கல் சேரும்.

ட்யூப் 12 அல்லது 14 அளவு. ஜெல்லியைத் தாராளமாக உள்ளே செலுத்தி, ஆணுறுப்பை வயிற்றுப் பக்கம் தூக்கிப் பிடித்தால் வளைவு நேராகும். சுருக்குத்தசையில் தடுத்தால் தள்ளாமல் நின்று, ஆழ மூச்சு விடச் சொல்லி மெல்ல நகர்த்துங்கள். முட்டித் தள்ளினால்தான் சிறுநீர்த் தாரையில் (சிறுநீர் வெளிவரும் பாதை) தழும்பு விழுந்து அடைப்பு வரும். சிறுநீர் வரத் தொடங்கியபின் இன்னும் 2–3 செ.மீ. உள்ளே. நின்றதும் சரேலென்று உருவாமல் சிறிது சிறிதாக இழுத்து, ஒவ்வோர் இடத்திலும் நிறுத்துங்கள். அடியில் கிடக்கும் மிச்சம் அப்போதுதான் வரும், கல்லுக்கு விதை அந்த மிச்சம்தான். ட்யூபை ஒரு முறை பயன்படுத்தி எறிவதே நல்லது. வசதியில்லை என்றால் சோப்பு நீரில் உள்ளும் புறமும் கழுவி, உதறி, முழுக்கக் காயவைத்து உலர்ந்த டப்பாவில் வையுங்கள். டெட்டால் நீரில் ஊறவைத்து அப்படியே போடுவதைப் பல வீடுகளில் பார்க்கலாம், தாரை புண்ணாகிவிடும்.

ஆக்ஸிபியூட்டினின் 2.5 மி.கி. இரண்டு வேளை இவருக்குக் குறைவான அளவு. 5 மி.கி. இரண்டு, மூன்று வேளை வரை டாக்டர்கள் கொடுப்பதுண்டு. வாய் உலர்ச்சி தாங்காவிட்டால் சொலிஃபெனசின் அல்லது மிராபெக்ரான் பற்றிக் கேளுங்கள். மலச்சிக்கலையும் கவனியுங்கள், கட்டிய மலம் பையை நெருக்கும். மாத்திரை எடுபடாவிட்டால் பைச்சுவரில் தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி 200 யூனிட். ஆறு முதல் ஒன்பது மாதம் நிற்கும், பிறகு திரும்பப் போட வேண்டும்.

தும்பை:
நன்றி சார். அப்போ நிரந்தர ட்யூப்?

வைகைக்கரை:
நிரந்தரமாக வேண்டாம். சில வாரத்துக்கு மட்டும் வைப்பதில் அர்த்தம் இருக்கிறது: பை எப்போதும் காலியாக இருக்கும்போது இரண்டு வாரம் கழித்து எடுக்கும் ஸ்கேனில் வீக்கம் வடிந்திருந்தால், காரணம் கீழேதான் என்று தெரிந்துவிடும். டாக்டரிடம் இதைக் கேளுங்கள். வைத்தால் ட்யூபை உள்ளே பிடித்து நிறுத்தும் பலூனில் டிஸ்டில்டு வாட்டர் 10 மி.லி., ட்யூபை அடிவயிற்றில் ஒட்டி நிறுத்த வேண்டும், இல்லையென்றால் தொங்கும் எடை தாரையை அறுத்துவிடும். "பைக்குப் பயிற்சி" என்று யாராவது ட்யூபை மூடக் கிளாம்ப் போடச் சொன்னால் கேட்காதீர்கள்.

யூரோடைனமிக்ஸுக்குப் போகும்போது மூன்று நாள் நேரம்–அளவு–கசிவு எழுதிய தாளைக் கொண்டுபோங்கள், முதல் நாளே மலம் கழித்திருக்கட்டும். ரிப்போர்ட்டில் எத்தனை மி.லி.யில் அழுத்தம் 40ஐத் தொட்டது என்று பாருங்கள். 250 மி.லி.யில் தொட்டிருந்தால் நான் சொன்ன 400 இவருக்குப் பொருந்தாது. மருந்தால் பை தளரும்வரை 250க்குள் எடுக்க வேண்டும்.