ஆன்டிசைக்காட்டிக்: மனச்சோர்வுக்கான துண்டறிக்கையில் எந்தச் சொல்?

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

மனச்சோர்வு நோயாளிகளுக்குக் கொடுக்கும் துண்டறிக்கையில், 'ஆன்டிசைக்காட்டிக்' (மாயக்குரல் கேட்பது போன்ற கடும் மனநோய்க்கான மருந்து வகை) என்பதற்குத் தமிழில் என்ன எழுதலாம் என்பதுதான் கேள்வி. இங்கே முன்வைக்கப்பட்ட 'மனச்சிதைவு எதிர்ப்பி' வேண்டாம் என்பது என் கருத்து. மனச்சிதைவு என்று நாம் சொல்வது ஸ்கிசோஃப்ரினியாவை. மனச்சோர்வுக்காக இந்த வகை மருந்தான அரிப்பிப்ரசோல் 2 மி.கி. வாங்கிப் போகிறவர், வீட்டில் இந்தப் பெயரைப் படித்தால் என்ன நினைப்பார்? "எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று டாக்டர் மறைக்கிறாரா?" என்று மருந்துக் கடையில் என்னிடமே கேட்டிருக்கிறார்கள். கேட்காதவர்கள் மாத்திரையைச் சொல்லாமல் நிறுத்திவிடுவார்கள். 'உளப்பிணி எதிர்ப்பி'யும் சரிவராது. உளப்பிணி என்றால் எல்லா மனநோயும் அதில் அடங்கிவிடும்.

1952இல் பாரிசில் இந்த வகையின் முதல் மருந்தான குளோர்ப்ரோமசின் மனநோய்க்குப் பயன்பட்ட காலத்தில் நோயை வைத்துப் பெயரிட்டது பொருந்தியது. இப்போது அப்படி இல்லை. அமெரிக்காவில் 2007இல் அரிப்பிப்ரசோலையும், 2009இல் அதே வகையைச் சேர்ந்த, உடலில் மெல்ல மெல்ல வெளியாகும் குவெட்டியாப்பின் மாத்திரையையும் மனச்சோர்வு மருந்தோடு சேர்த்துக் கொடுக்க அனுமதித்தார்கள். அளவும் வேறு: அரிப்பிப்ரசோலை மனச்சிதைவுக்குப் பெரும்பாலும் 10 முதல் 15 மி.கி.யில் தொடங்குகிறார்கள், மனச்சோர்வுக்கு 2 முதல் 5 மி.கி.

துண்டறிக்கையில் நோயின் கடுமையைப் பிரித்துச் சொல்வது சொல்லைவிட முக்கியம். லேசான மனச்சோர்வுக்கு இந்த மருந்துகள் தேவையில்லை, பேச்சு சிகிச்சையில் தொடங்கலாம். மனச்சோர்வு மருந்துகளைச் சரியான அளவில், போதிய வாரங்கள் கொடுத்தும் தேறாதவர்களுக்குத்தான் இது கூடுதலாக வரும். மாயக்குரல் கேட்பது, 'என் குடல் அழுகிவிட்டது' என்று அசையாமல் நம்புவது போன்றவை சேர்ந்த கடும் மனச்சோர்வில் கதை வேறு. அங்கே மனச்சோர்வு மருந்தும் இதுவும் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து வேண்டியிருக்கும், அல்லது மின்னதிர்வு சிகிச்சை.

என் பரிந்துரை: 'டோபமின் மட்டுப்படுத்தி'. டோபமின் என்பது மூளையில் செய்தி கடத்தும் ஒரு வேதிப்பொருள். மருந்தை அது செய்யும் வேலையால் அழைக்கும் முறையைப் பன்னாட்டு மனமருந்தியல் அமைப்புகளும் சில ஆண்டுகளாக வலியுறுத்துகின்றன. டோபமினின் வேலையை முழுதாகத் தடுக்கும் ஹாலோபெரிடால் என்ற பழைய மருந்துக்கும், பாதி தூண்டிப் பாதி தடுக்கும் அரிப்பிப்ரசோலுக்கும் இது பொருந்தும். டோபமினைக் கூட்டும் பார்கின்சன் மருந்துகள் இதில் சேரா. குவெட்டியாப்பின் செரட்டோனின் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருளையும் தொடுகிறதே என்று கேட்பீர்கள். தொடட்டும், ஒரு பெயரில் எல்லாவற்றையும் அடக்க முடியாது.

அப்புறம், இந்த மருந்துகளின் பக்கவிளைவான 'அக்கதீசியா'வுக்கு 'இயக்க அமைதியின்மை' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை விட்டுவிடலாம். உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும், கால் ஆடிக்கொண்டே இருக்கும். ஊரில் இதைத்தான் 'இருப்புக் கொள்ளவில்லை' என்கிறோம். 'இருப்புக்கொள்ளாமை' என்று போட்டால், தொடங்கிய வாரத்திலேயே நோயாளி டாக்டரிடம் சரியாகச் சொல்லிவிடுவார். பதற்றம் என்று நினைத்து அளவைக் கூட்டும் ஆபத்தும் குறையும்.

பழைய மருந்தோடு கூட்டிக் கொடுப்பதற்கு 'துணைமருந்து' போதுமா, 'சேர்ப்பு மருந்து' வேண்டுமா? மனநலத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.