ஆண் கப்பிகளைப் பிரித்த பின்னும் குட்டிகள் பிறந்துகொண்டே இருக்கின்றன

கேள்வி, கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

வணக்கம். மகள் ஆசைப்பட்டாள் என்று நான்கு மாதங்களுக்கு முன் பொள்ளாச்சியில் நான்கு பெண், இரண்டு ஆண் என ஆறு கப்பி மீன்களை வாங்கி வந்து, ஏறத்தாழ 55 லிட்டர் கொள்ளும் இரண்டடித் தொட்டியில் விட்டேன். இன்று எண்ண முடிந்தவரை எழுபதுக்கு மேல் இருக்கின்றன. ஐந்து வாரங்களுக்கு முன்பே அந்த இரண்டு ஆண்களையும் வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டேன். ஆனாலும் நேற்றுக் காலை ஒரு பெண் மீன் மீண்டும் குட்டி போட்டிருக்கிறது. தண்ணீர் இரண்டே நாளில் கலங்கிவிடுகிறது. பெரிய மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது. பாதியைக் கிணற்றிலோ சித்தூர்ப் புழை என்னும் ஆற்றிலோ விட்டால் கொசுவாவது ஒழியும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை; ஆனால் மறுத்துச் சொல்லக் காரணமும் தெரியவில்லை.

பதில், செங்கோட்டையிலிருந்து:

ஐயா, முதலில் மூச்சுத் திணறலைக் கவனியுங்கள். இன்றே மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். குழாய் நீரானால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்த பிறகு ஊற்றுங்கள். தீவனத்தை ஒரு வேளையாக, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவாகக் குறையுங்கள். மிஞ்சிய தீவனமும் கழிவும் அழுகி உண்டாகும் அம்மோனியாவே நெரிசலான தொட்டிகளில் மீன்களைக் கொல்கிறது.

பெண் கப்பி ஒருமுறை சேர்ந்தால் அந்த விந்தைத் தன் உடலிலேயே பல மாதங்கள் சேமித்து வைத்துக்கொண்டு, ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போட்டுக்கொண்டிருக்கும். ஆகவே ஆண்களைப் பிரித்ததன் பலன் உடனே தெரியாது. இன்னொன்றும் உண்டு: முதலில் பிறந்த குட்டிகளில் உள்ள ஆண்கள் இதற்குள் வளர்ந்திருக்கும், அவை இன்னும் தாய்களோடும் சகோதரிகளோடும்தானே இருக்கின்றன? ஒரு மாதம் கடந்த குட்டிகளின் அடிவயிற்றின் பின்பக்கம், ஆசனவாயை அடுத்துள்ள துடுப்பைப் பாருங்கள். விசிறிபோல் விரிந்திருந்தால் பெண், குச்சிபோல் கூர்மையாக நீண்டிருந்தால் ஆண். வாரம் ஒருமுறை பார்த்துப் பிரித்து, முடிவில் ஆண்களை மட்டும் வைத்துக்கொள்வதே என் அனுபவத்தில் நிலைத்த வழி. வண்ணமும் அவற்றுக்குத்தான்.

பதில், பாலக்காட்டிலிருந்து:

புழையில் விடாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். கப்பி தென் அமெரிக்காவிலிருந்து வந்த மீன். கடின நீரையும் அழுக்கு நீரையும் தாங்கிப் பெருகும், பிற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். நம் வயல் வாய்க்கால்களில், தலையில் வெள்ளிப் பொட்டோடு மேல்மட்டத்தில் நீந்தும் ஒரு சிறுமீனைப் பார்த்திருப்பீர்கள். மலையாளத்தில் மானத்துக்கண்ணி என்பார்கள். கொசுப் புழுவைத் தின்பது அதற்குப் பிறவித் தொழில். அதன் இடத்தையும் இரையையும் வெளியூர் மீனுக்குக் கொடுத்துவிட்டுக் கொசு குறையும் என்று எதிர்பார்ப்பது சரியன்று. பெரியவர்களிடம் இதையே சொல்லுங்கள். 2018 வெள்ளத்துக்குப் பின் சாலக்குடி ஆற்றில் அமேசான் மீனான அரபைமா பிடிபட்டதும் அவர்களுக்கு நினைவிருக்கும். கிணறும் மழையில் நிரம்பி வழியக்கூடியதுதான். வெளியே வழியாத சிமெண்டுத் தொட்டி யாரிடமாவது இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொண்டு அதில் கொசுப் புழுவுக்காக விடலாம். திறந்த நீர்நிலைகளில் எங்கும் விடக்கூடாது.

பதில், களியக்காவிளையிலிருந்து:

தொட்டியில் அடர்ந்த பாசியும் செடியும் இருந்தால் குறைத்துவிடுங்கள். குட்டிகளுக்கு ஒளிய இடமில்லாவிட்டால் பெரிய மீன்களே பெரும்பாலானவற்றைத் தின்றுவிடும்; கேட்கக் கடினமாக இருந்தாலும் இயற்கையில் நடப்பது இதுவே. சிலர் ஏஞ்சல் மீனை விடச் சொல்வார்கள். நான் விட்டுப் பார்த்தேன். வளர்ந்ததும் அது பெரிய கப்பிகளின் வாலையும் கடித்தது, இரண்டடித் தொட்டி அதற்குப் போதவும் இல்லை. வளர்ந்த மீன்களைக் கடைக்காரரிடம் திருப்பிக் கேட்டுப் பாருங்கள். காசு கிடைக்காவிட்டாலும், தீவனத்துக்கு மாற்றாகப் பெற்றுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

கேட்டவர்:

நன்றி. நேற்று நீரை மாற்றியதும் மீன்கள் கீழே இறங்கி நீந்தத் தொடங்கின. மகளும் நானும் வலையை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்ததில் பதினெட்டு இளம் ஆண்கள் அகப்பட்டன. ஞாயிறன்று பெண் மீன்களைப் பொள்ளாச்சிக் கடைக்கு எடுத்துச் செல்கிறேன். கடைக்காரர் தொலைபேசியில் சம்மதித்திருக்கிறார். கிணற்றுப் பேச்சை அப்பாவே கைவிட்டார். சிறுவயதில் வாய்க்காலில் அந்த வெள்ளிப்பொட்டு மீனைத் துண்டு விரித்துப் பிடித்தது அவருக்கு நினைவு வந்ததாம்.