மறு: ‘பொயடிக்’ என்பதற்குத் தமிழ்: கவித்துவமா, செய்யுளா, இயற்றலா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

மூன்று நாளாக இந்த இழையை வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பதில் எழுத இன்றைக்குத்தான் நேரம் வாய்த்தது. மடல் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரைகளைத் தமிழில் மொழிபெயர்க்கும் தங்கை கேட்டது ஒரே ஒரு சொல். ஆங்கில அரசியல் மெய்யியலாளர் மைக்கேல் ஓக்ஷாட் 1948இல் எழுதிய ‘பாபேல் கோபுரம்’ என்ற கட்டுரையில், மனிதர் செய்யும் காரியம் எல்லாவற்றுக்கும் ஒரு ‘பொயடிக்’ (poetic) தன்மை உண்டு என்கிறார். அந்தப் ‘பொயடிக்’குக்குத் தமிழில் என்ன போடலாம்? இதுவரை வந்தவை கவித்துவம், கவிதைத்தன்மை, படைப்பாற்றல், செய்யுள்தன்மை. சொல்லுக்குள் போகுமுன், அவர் அங்கே என்ன சொல்கிறார் என்று ஒருமுறை பார்த்துவிடலாம். இழையில் பாதிப் பேர் ஆங்கிலச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

அவருக்கு எரிச்சல் தந்தது ஒரு நம்பிக்கை. முதலில் மனத்தில் ஒரு இலட்சியம், அப்புறம் அதை நடத்தையில் இறக்குவது, நல்லொழுக்கமும் நல்லாட்சியும் அப்படித்தான் பிறக்கின்றன என்ற நம்பிக்கை. அதை மறுக்கத்தான் கவிதையை இழுத்து வருகிறார். கவிஞர் மனத்தில் முழுதாக ஒரு எண்ணத்தை வைத்துக்கொண்டு அதற்குச் சொல் தேடுவதில்லை. சொல்லி முடிக்கும்வரை தாம் சொல்ல வந்தது என்னவென்று அவருக்கே தெரியாது. இடையில் அடிக்கிறார், திருத்துகிறார். அந்தத் திருத்தமும் முன்பே இருந்த கருத்துக்குச் சொல்லைப் பொருத்துவது ஆகாது, கருத்தே அங்கேதான் உருவாகிறது. மனித நடத்தையும் அதே மாதிரி என்கிறார். இலட்சியங்கள் பின்னால் படிபவை. ‘படிவு’ என்ற பொருளில் ஒரு சொல்லைப் பயன்படுத்துகிறார். தங்கை அதை ‘வண்டல்’ என்று போட்டிருந்தார், வேண்டாம். வண்டல் நமக்கு வளம், காவிரிப் படுகை. இவர் சொல்வது எண்ணெய்க் குடத்தின் அடியில் தங்குவது. ‘மண்டி’ என்று போடுங்கள்.

இப்போது பரிந்துரைகளுக்கு வருவோம்.

> கவித்துவம் எல்லோருக்கும் புரியும். புரிகிற சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

புரியும், தப்பாகப் புரியும். ‘மனித வாழ்க்கையின் கவித்துவம்’ என்று எழுதினால் நம் வாசகர் மனத்தில் நிலா வந்துவிடும். ‘அரசியலின் கவித்துவத் தன்மை’ என்றால் மேடை, ஒலிபெருக்கி, அடுக்குமொழி எல்லாம் வரும். நம்மூர் அரசியல் மேடைக்கு அது பொருத்தமான வருணனையாகக்கூட இருக்கலாம். ஆனால் ஓக்ஷாட் அரசியல்வாதி கவிஞராக வேண்டும் என்று சொன்னவரே இல்லை. 1939இல் எழுதிய ஒரு கட்டுரையில் அரசியல் வேலையே சற்று மொண்ணையான மனம் கேட்கும் வேலை என்கிறார். ஒரு சமூகத்தின் மதிப்பீடுகளை ஆக்குவதும் புதுப்பிப்பதும் கவிஞர், கலைஞர், மெய்யியலாளர் வேலை, அரசியல் இருப்பதைக் காத்துத் தருவதோடு சரி என்பது அங்கே அவர் வாதம். இப்படிப்பட்டவரின் வாயில் ‘கவித்துவ அரசியலை’ வைத்தால் பாவம்.

படைப்பாற்றல் வேறு வகையில் சறுக்குகிறது. அது ஆளுக்குள் இருக்கும் ஒரு திறமை. சிலரிடம் கூடுதல், சிலரிடம் குறைவு. இவர் பேசுவதோ செயலின் இயல்பைப் பற்றி. மந்தமான ஆள் செய்தாலும் செயலுக்கு அந்த இயல்பு உண்டு.

> பொயேசிஸ் என்றால் கிரேக்கத்தில் செய்தல். நம் செய்யுளும் செய் என்ற வினையில் பிறந்ததே. இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

ஐயா, இதை வாசித்ததும் துள்ளிக் குதித்தேன். பொயேசிஸும் செய்யுளும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கின்றன. பிளாட்டோவின் ‘விருந்து’ என்ற உரையாடலில் தியோதிமா என்ற பெண் இதைத்தான் சொல்கிறாள்: இல்லாத ஒன்றை இருக்க வைக்கும் எதுவும் பொயேசிஸ், ஆனால் ஊர் யாப்புக்காரர்களை மட்டும் அந்தப் பெயரால் அழைக்கிறது. தமிழிலும் அதே கதை. சோறு செய்கிறோம், வீடு செய்கிறோம், பாட்டு மட்டும் செய்யுள் ஆகிவிட்டது.

ஆனாலும் இரண்டு தடங்கல்.

ஒன்று சின்னது. பள்ளிக்கூடம் போன எந்தத் தமிழருக்கும் செய்யுள் என்றதும் நினைவுக்கு வருவது மனப்பாடப் பகுதி. அடி பிறழாமல், சீர் பிரித்து, எட்டு வரி எழுதினால் மதிப்பெண். சொல்லி முடிக்கும்வரை என்ன சொல்லப் போகிறோம் என்று தெரியாத நிலைக்கு அந்தச் சொல்லையா வைப்பது?

இரண்டாவது பெரியது. கிரேக்கச் சொல்லை அரிஸ்டாட்டில் கையில் எடுத்ததும் அதன் பொருள் திரும்பிவிடுகிறது. அவருக்கு ஆக்கல் வேறு, செயல் வேறு. ஆக்கலில் முடிவு வேலைக்கு வெளியே இருக்கிறது. வீடு கட்டுகிறவர் மனத்தில் வீட்டின் வடிவம் முன்பே இருக்கிறது. அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் 1958இல் அரசியலை ‘ஆக்கல்’ என்று பார்ப்பதைக் கண்டித்ததும் இதனால்தான். வரைபடம் கையில் இருக்கிறவருக்கு மனிதர்கள் செங்கல் ஆகிவிடுவார்கள் என்ற பயம். ஆக, வேர்ச்சொல்லை நம்பி ‘செய்’ என்று போனால், ஓக்ஷாட் எதை மறுக்கிறாரோ அங்கேயே போய் நிற்போம்.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. ஆனால் கலைச்சொல்லோடு சம்பந்தம் உண்டு.

ஓக்ஷாட் 1947இல் இருவகை அறிவு பேசுகிறார். ஏட்டில் விதியாக எழுத முடிவது ஒன்று, எழுத முடியாமல் பழக்கத்தில் மட்டும் இருப்பது மற்றொன்று. உதாரணம் சமையல் புத்தகம். ஏற்கெனவே சமைக்கத் தெரிந்த ஒருவர் இருந்ததால்தான் புத்தகமே வந்தது, புத்தகத்திலிருந்து சமையல் வரவில்லை என்பது அவர் வாதம். தங்கை இரண்டாவதைச் ‘செய்முறை அறிவு’ என்று மொழிபெயர்த்திருக்கிறார். வார இதழைத் திறந்து சமையல் பக்கம் பாருங்கள். ‘தேவையானவை’, கீழே ‘செய்முறை’. அங்கே செய்முறை என்பது எழுதிவைத்த விதி, அதாவது ஓக்ஷாட்டின் முதல் வகை. அதே சொல் கல்லூரியில் ‘செய்முறைத் தேர்வு’ ஆகி இரண்டாம் வகைப் பக்கம் தாவிவிடுகிறது. எதிரெதிரான இரண்டுக்கும் ஒரே பெயர். இந்தச் சொல்லைத் தொடவே கூடாது.

இரண்டாவதற்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது, கைப்பக்குவம். போன தீபாவளிக்கு என் அத்தையிடம் அதிரசம் கேட்டுக் குறிப்பெழுத உட்கார்ந்தேன். வெல்லப்பாகு எவ்வளவு நேரம் கொதிக்கணும் என்று கேட்டேன். “பதம் வர்ற வரைக்கும்” என்றார். பதம் எப்போது வரும்? கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, இரண்டு விரலால் கூட்டி, உருண்டையை என் உள்ளங்கையில் வைத்தார். “அமுக்கிப் பாரு. இது இல்ல, இன்னும் கொஞ்சம்.” மறுபடி ஒரு சொட்டு. மூன்றாவது உருண்டைக்கு அடுப்பை அணைத்தார். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரிந்தது, எழுத வரவில்லை. நோட்டில் ‘பதம் வந்ததும்’ என்றுதான் இருக்கிறது.

நூலில் கைப்பக்குவம் என்று போட்டால் பேச்சுவழக்காக இருக்குமே என்று தயங்காதீர்கள். ஆங்கிலத்தில் அவர் எழுதுவதும் பேராசிரியர் நடையே இல்லை. குதிரைப் பந்தயத்தில் வெல்லும் குதிரையைத் தேர்வது எப்படி என்று இன்னொருவரோடு சேர்ந்து 1936இல் புத்தகம் போட்ட மனிதர்.

சரி, ‘பொயடிக்’குக்குத் திரும்புகிறேன். என் பரிந்துரை ‘இயற்று’ என்ற வினை.

தமிழில் எதையெல்லாம் இயற்றுகிறோம்? பாடல் இயற்றுகிறோம், நூல் இயற்றுகிறோம். சட்டமன்றத்தில் சட்டம் இயற்றுகிறார்கள். வள்ளுவர் கோபத்தில் ‘பரந்து கெடுக உலகியற்றி யான்’ என்கிறார், அங்கே உலகமே இயற்றப்பட்டது. இறைமாட்சி அதிகாரத்தில் அரசுக்கு வேண்டிய நான்கு வல்லமையில் முதலாவது இயற்றல்: ‘இயற்றலும் ஈட்டலுங் காத்தலும் காத்த வகுத்தலும் வல்ல தரசு’. பொருள் வரும் வழிகளை மேன்மேலும் உண்டாக்குவது என்று பரிமேலழகர் உரை சொல்கிறது. பாட்டையும் சட்டத்தையும் ஒரே வினையில் சொல்லும் மொழியில் இருந்துகொண்டு கவித்துவம், கவித்துவம் என்று நாம் ஏன் தவிக்க வேண்டும்?

> சட்டம் இயற்றல் என்பதே திட்டமிட்ட ஆக்கல்தானே? செய்யுளுக்குச் சொன்ன குறை இதற்கும் பொருந்தும்.

இந்த எதிர்ப்பு நேற்றே வந்துவிட்டது. எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. ஓக்ஷாட்டின் சண்டையே சட்டம் எப்படி உண்டாகிறது என்பதைப் பற்றியதுதான். திட்டமிட்டு ஆக்கியதாக நாம் நினைப்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கும் என்கிறார். 1950 கட்டுரையில் அவர் எடுக்கும் உதாரணம் புளூமர். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் பெண்கள் சைக்கிள் ஓட்டத் தைத்த தொளதொளக் காற்சட்டை. ‘அறிவுக்கு ஒத்த உடை’ என்று அதைக் கொண்டாடினார்கள். வேறெதையும் பாராமல், மிதிப்பதற்கு எது வசதி என்று மட்டும் யோசித்ததாகத் தைத்தவர்கள் நம்பினார்கள். அப்படியானால் அரைக்கால் சட்டையில் போய் நின்றிருக்க வேண்டுமே, ஏன் புளூமரோடு நின்றார்கள் என்று கேட்கிறார் ஓக்ஷாட். பதிலையும் அவரே சொல்கிறார். அவர்கள் உண்மையில் விடைகண்ட கேள்வி வேறு. 1880இல் ஒரு ஆங்கிலப் பெண் சைக்கிளில் போகும்போது ஊர் கண்ணில் பட ஏற்ற உடையாகவும், மிதிக்க வசதியாகவும் இருப்பது எது என்ற கேள்வி. அது அவர்களுக்கே தெரியவில்லை, தைத்த கைக்குத் தெரிந்திருந்தது. இந்தப் பத்தியை மொழிபெயர்க்கும்போது ‘புளூமரை இயற்றினார்கள்’ என்று எழுத முடியாதுதான். ஆனால் அந்தச் செயலின் இயற்றுந்தன்மை என்றால் இடிக்கவில்லை.

ஆம், நான் முன்வைக்கும் வடிவம் ‘இயற்றுந்தன்மை’. முதலில் ‘இயற்றியல்பு’ என்று எழுதிவைத்திருந்தேன். வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பெண் எட்டிப் பார்த்து, “இயற்பியல்ல எழுத்துப்பிழை இருக்குப்பா” என்றாள். அதோடு விட்டுவிட்டேன்.

இன்னொரு சிக்கலை யாரும் தொடவில்லை. ஓக்ஷாட் 1959இல் கவிதையின் குரல் பற்றி எழுதும்போது சொல்லின் எல்லையை மாற்றிவிடுகிறார். அங்கே கவிதை என்பது நடைமுறை வாழ்விலிருந்து விலகிய தனிக்குரல். படிமங்களைக் கண்டு களிப்பது, அவ்வளவுதான். பயனும் இல்லை, உண்மை பொய் என்ற கேள்வியும் இல்லை. 1933இல் வந்த தம் முதல் நூலில் இதற்கு மாறாக எழுதிய ஒரு முட்டாள்தனமான வாக்கியத்தைக் காலம் தாழ்ந்து திரும்பப் பெறுவதே இந்தக் கட்டுரை என்று 1962 தொகுப்பின் முன்னுரையில் அவரே ஒத்துக்கொள்கிறார். எனவே 1948இல் எல்லாச் செயலும் ‘பொயடிக்’, 1959இல் கவிதை மட்டும் கவிதை. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டையும் சுமப்பதால் உரையாசிரியர்கள் இன்னும் முட்டிக்கொள்கிறார்கள். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 1948க்கு இயற்றுந்தன்மை, 1959க்குக் கவிதை. முதல் முறை வரும் இடத்தில் அடிக்குறிப்பு ஒன்று போட்டு, மூலத்தில் இரண்டும் ஒரே சொல் என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நாமாக ஒரு முடிச்சை அவிழ்த்து வாசகரிடமிருந்து மறைத்த மாதிரி ஆகும்.

இத்தாலிய மெய்யியலாளர் வீகோவின் ‘கவிதை அறிவு’ இந்தப் பதிவுக்குள் வர வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். அவர் ஆதி மனிதர் உலகத்தைப் படிமமாகப் பார்த்ததைப் பேசுகிறார், அங்கே ‘கவிதை’ சரியாகவே உட்காரும்.

கடைசியாக ஒன்று. ஓக்ஷாட் பேராசிரியராகி 1951இல் இலண்டனில் ஆற்றிய தொடக்க உரையில், அரசியல் என்பது ஒரு மரபு காட்டும் சாடைகளைப் பின்தொடர்வது என்கிறார். தங்கை ‘உணர்த்தல்களின் தேடல்’ என்று போட்டிருந்தார். நமக்குக் குறிப்பறிதல் இருக்கிறதே. குறளில் இரண்டு இடத்தில் அதிகாரத் தலைப்பாக வருகிறது, ஒன்று காமத்துப்பாலில், மற்றது அமைச்சியலில். அமைச்சனுக்கு வேண்டியது சொல்லாமலே அறிதல். ஓக்ஷாட்டின் உதாரணமும் கச்சிதமாகப் பொருந்துகிறது. பெண்களுக்கு வாக்குரிமை தர வேண்டியதற்குக் காரணம் ஏதோ இயற்கை நீதி இல்லையாம். மற்றக் காரியங்களில் சட்டம் பெண்களை ஏற்கெனவே உரிமையுள்ளவராக ஏற்றுக்கொண்டுவிட்டது, வாக்கு மட்டும் பாக்கி, அந்தப் பொருந்தாமையே குறிப்பு. பிரிட்டனில் வாக்கு கிடைத்தது 1918இல் முப்பது வயதான பெண்களில் ஒரு பகுதிக்கு, 1928இல் ஆணுக்குச் சமமாக. வாதத்தில் எனக்கு உடன்பாடு குறைவு. வாக்குரிமை கேட்டுச் சிறையில் பட்டினி கிடந்த பெண்கள் காட்டியது வெறும் சாடையா என்ன? ஆனால் சொல் பொருந்துகிறது.

அன்புடன்,
கலைச்சொல் பட்டியல் பார்க்கும் அண்ணன்

——

அண்ணா,

இயற்றுந்தன்மையை நான்கு வாக்கியங்களில் போட்டுப் பார்த்தேன். மூன்றில் நன்றாக இருக்கிறது. நான்காவது, ‘காதலிலும் நட்பிலும் இயற்றுந்தன்மை உண்டு’ என்ற மாதிரி வருவது. வாசித்தால் காதலுக்குத் தீர்மானம் நிறைவேற்றியது போல் இருக்கிறது. அங்கே மட்டும் ‘நட்பும் போகப்போக இயற்றப்படுவதே’ என்று வினையாக மாற்றிவிடலாமா? கைப்பக்குவம் ஏற்கெனவே போட்டுவிட்டேன். மண்டியும்.

——

மாற்றிவிடுங்கள் அம்மா. ‘இயற்றப்படுவதே’ வேண்டாம், நட்பை யாரோ மூன்றாம் ஆள் இயற்றுகிற மாதிரி இருக்கிறது. ‘நட்பையும் போகப்போகத்தான் இயற்றுகிறோம்’ என்று எழுதுங்கள். செய்யுளை முன்வைத்த நான் அதை இன்னும் முழுதாக விட்டுக்கொடுக்கவில்லை, அடிக்குறிப்பில் ஒரு வரியாவது அதற்கு இடம் கொடுங்கள்.