நாயகன் டாப் லைட்: விளக்கு எங்கே தொங்கியது?

நிழல்விரும்பி

"மணிரத்னம் இந்தியாவையும் மேற்கையும் கலக்குறார்னு சொல்றதெல்லாம் பில்டப். 1972-ல காட்ஃபாதருக்கு கேமராமேன் கார்டன் வில்லிஸ் தொங்கவிட்ட டாப் லைட்டை 1987-ல நாயகனுக்கு கேமராமேன் பி.சி.ஸ்ரீராம் தொங்கவிட்டார். கலப்பு அவ்வளவுதான்."

இப்படி ஒருத்தர் எழுதி வச்சிருக்கார். கீழ ஆளாளுக்குக் கைதட்டு வேற. படிச்சதுல இருந்து எரிச்சல் அடங்கல.

நாயகன்ல கலப்பு இருக்கறது கதையை நகர்த்துற விதத்துல. ஒரு ஆளோட சின்ன வயசுல இருந்து சாவு வரைக்கும் போற படம். அதுக்கு நடுவுல நம்ம வழக்கப்படி பாட்டும் வேணும். படகுல ஒண்ணு, ஹோலிக்கு ஒண்ணு, எல்லாம் இருக்கு. ஆனா 'நீ ஒரு காதல் சங்கீதம்' வாயசைப்பு இல்லாம மாண்டேஜா, துண்டு துண்டுக் காட்சிகளா ஓடுது. மேற்கத்திய படத்துல 'சில காலம் கழித்து'ன்னு ஒரு காட்சி கரைஞ்சு அடுத்தது வர்ற மாதிரி டிஸால்வ் போடுற இடத்துல இங்க பாட்டே டிஸால்வ் வேலையைச் செய்யுது. 'தென்பாண்டிச் சீமையிலே' மெட்டு திரும்பத் திரும்ப வந்து வருஷங்களை ஒட்ட வைக்குது. இதையெல்லாம் விட்டுட்டு ஒரு விளக்கைப் பிடிச்சுத் தொங்குறாங்க.

கட்டர்நெட்

தொங்குறது நாங்க இல்ல பாஸ், விளக்கு.

ஒரே கேள்வி. வயசான நாயக்கர் வீட்டுக்குள்ள உட்கார்ந்து ஊர் நியாயம் கேக்குற காட்சிகள்ல வெளிச்சம் மேல இருந்து வருதா இல்லையா? கண்குழி இருட்டா இருக்கா இல்லையா? ஆமான்னா அது டாப் லைட். ஆள் உட்கார்ந்திருக்கான், சுத்தி இருட்டு, கெஞ்ச வந்தவன் எதிர்ல நிக்கிறான். பாட்டு, மெட்டு எல்லாம் அப்புறம் பேசலாம்.

பழையரீல்

"மேல இருந்து வந்தா டாப் லைட்." அடேயப்பா. அப்படிப் பார்த்தால் உச்சி வெயிலும் கார்டன் வில்லிஸ் கண்டுபிடித்ததுதான்.

கட்டர்நெட் ஐயா, வில்லிஸ் தொங்கவிட்டது ஒற்றை விளக்கு அல்ல. பல்புகளைக் கொத்தாகக் கட்டி, கீழே வெள்ளைத் துணி இழுத்து, நான்கு பக்கமும் கறுப்புத் துணியைப் பாவாடை மாதிரி இறக்கிய பெட்டி. அந்தப் பாவாடைதான் உயிர். அது இல்லாவிட்டால் வெளிச்சம் சுவரில் வழியும், பின்னணி எழும்பும், அந்த இருட்டு அறை கிடைக்காது. அதைத் தலைக்கு மேலே கொண்டுபோனதற்குக் காரணமும் பாணி மோகம் அல்ல. மார்லன் பிராண்டோவுக்குப் போட்டிருந்த கிழவர் மேக்கப் அந்தக் கோணத்தில்தான் நின்றது. அப்புறம் மற்றவர்களுக்கும் அதே ஒளி.

இப்போது கணக்கு. உட்கார்ந்தவர் தலைக்கு 4 அடி மேலே விளக்கு இருப்பதாக வையுங்கள். நேர் மேலே இருந்தால் 90 டிகிரி: நெற்றி, கன்ன எலும்பு, மூக்கு நுனி மட்டும் எரியும், கண் குழியாகும். 2 அடி முன்னால் நகர்த்தினால் ஏறத்தாழ 63 டிகிரி, புருவ நிழல் இன்னும் கண்ணை மூடும். 4 அடி நகர்த்தினால் 45 டிகிரி, கண் திறந்துவிடும். அது சிவாஜி காலத்து ஸ்டூடியோவிலும் இருந்த சாதாரண கீ லைட், அதாவது முகத்துக்கான முதன்மை விளக்கின் கோணம். ஆக "மேலே" என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு முகங்கள் இருக்கின்றன.

முக்கியமானதை இனிமேல்தான் சொல்கிறேன். பிராண்டோ போட்டிருந்தது கறுப்பு கோட்டு. நாயக்கர் கட்டியிருப்பது வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கறுப்புத் துணி மேலிருந்து விழுந்த வெளிச்சத்தை விழுங்கிவிடும். வெள்ளைத் துணி அதில் பெரும்பங்கை மோவாய்க்கும் கண்குழிக்கும் திருப்பி அடிக்கும். மடியில் தெர்மோகோல் அட்டை வைத்த மாதிரி. ஒரே விளக்கை அதே உயரத்தில் மாட்டினாலும் அதே முகம் வராது. இந்திய உடுப்பு மேற்கத்திய ஒளியை மாற்றிவிடுகிறது. கலப்பு என்றால் இதுதான்.

கட்டர்நெட்

வேட்டி தெர்மோகோலாம். நல்லா இருக்கு.

சார், பளீர் வெள்ளையை அப்படியே கேமரா முன்னாடி எந்த கேமராமேனும் நிறுத்த மாட்டான். டீத்தண்ணியில முக்கிக் காய வச்சு மங்கலாக்கித்தான் கொடுப்பாங்க, இல்லேன்னா முகத்தைவிட சட்டை ரெண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா ரெண்டு மடங்கு வெளிச்சம்) மேல போயிடும். அப்படி மங்கின துணி எவ்வளவு திருப்பி அடிக்கும்? அதுவும் ஆள் கொஞ்சம் சாய்ஞ்சு உட்கார்ந்தா மடி தூரம் போயிடும், அடிக்கிற வெளிச்சம் இன்னும் குறையும். படத்துல பாருங்க, கண்ணு இருட்டாத்தான் இருக்கு. வேட்டி தோத்துடுச்சு.

நீங்களே சொல்லிட்டீங்க, 4 அடி மேல விளக்குன்னு. அப்போ தொங்குச்சு. ஒத்துக்கிட்டதுக்கு நன்றி.

பழையரீல்

"இருப்பதாக வையுங்கள்" என்பதற்கும் "இருந்தது" என்பதற்கும் வித்தியாசம் தெரியாதவரிடம் என்ன பேசுவது.

முற்றத்துவெயில்

பழையரீல் அண்ணா, உங்க பக்கத்துக்கு ஒரு வலு சேக்கறேன். மேலிருந்து வர்ற மென்மையான ஒளி மேற்கத்தியதே கிடையாது. 1956-ல சத்யஜித் ராயோட அபராஜிதோவுக்கு காசி வீட்டு முற்றத்தை பன்சி சந்திரகுப்தா செட் போட்டார். முற்றம்னா வானத்துல இருந்து இறங்குற வெளிச்சம், அதுக்கு ஒரு திசை நிழல் கிடையாது. ஸ்டூடியோ விளக்கை நேரா அடிச்சா ஒவ்வொரு தூணுக்கும் நாலு நிழல் விழும், பொய் தெரிஞ்சுடும். அதனால கேமராமேன் சுப்ரதா மித்ரா செட்டுக்கு மேல வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, கீழ இருந்து விளக்கை அதுமேல அடிச்சு, திரும்பி வர்ற வெளிச்சத்துல எடுத்தார். வில்லிஸுக்கு 16 வருஷம் முன்னாடி. இத்தாலிய நியோ ரியலிசத்தைப் பார்த்து வந்த டைரக்டர், காசி முற்றம், அதுக்காக உள்ளூர்ல பிறந்த டெக்னிக். கலப்புன்னா இதைவிட என்ன வேணும்?

கட்டர்நெட்

கவனிச்சீங்களா? "கீழ இருந்து விளக்கை அடிச்சு." விளக்கு கீழ! அப்போ அது டாப் லைட்டே இல்ல. சொந்த கோல்.

பழையரீல்

முற்றத்துவெயில், நல்லெண்ணத்துக்கு நன்றி, ஆனால் உங்கள் உதவி வேண்டாம். மித்ரா துணி கட்டியது நிழலை அழிக்க. வில்லிஸ் பெட்டி தொங்கவிட்டது நிழலை உண்டாக்க. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் கட்டர்நெட் மாதிரியான ஆட்களுக்குத்தான் கொண்டாட்டம்.

கட்டர்நெட்டுக்கு: விளக்கு தரையில் இருந்தாலும் முகத்தைப் பொறுத்தவரை ஒளிமூலம் அந்தத் துணிதான். துணி மேலே இருந்தது. பவுன்ஸ், அதாவது ஒளியைத் திருப்பி அடிப்பதில் இது பாலபாடம். நெட் என்று ஒளியைக் குறைக்கும் வலையின் பெயரை வைத்துக்கொண்டவருக்கே இது தெரியவில்லை.

கட்டர்நெட்

அப்போ அபராஜிதோவும் டாப் லைட், நாயகன் மட்டும் இல்ல. சரிங்க சார்.

லென்ஸ்மூடி

குறுக்கிடறதுக்கு மன்னிக்கணும். டாப் லைட்னு நீங்க மூணு பேரும் சொல்றது ஒரே விஷயத்தைத்தானா? விளக்கு இருக்கற இடமா, ஒளி வர்ற கோணமா, கண் இருட்டாகறதா? அதை முதல்ல முடிவு பண்ணிட்டா பாதிச் சண்டை தீர்ந்துடும்.

கட்டர்நெட்

தொங்குச்சா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி.

பழையரீல்

தொங்கினால் என்ன சிக்கல் வரும் என்று தெரிந்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள். தரையிலிருந்து 8 அடியில் விளக்கு. உட்கார்ந்தவர் தலை 4 அடியில், ஆக இடைவெளி 4 அடி. அவர் எழுந்தால் தலை 5½ அடிக்கு வரும், இடைவெளி 2½. தூரத்தின் வர்க்கக் கணக்குப்படி வெளிச்சம் இரண்டரை மடங்கு ஏறும், அதாவது ஒன்றே கால் ஸ்டாப்புக்கும் சற்று மேல். பெரிய துணி வைத்தால் கொஞ்சம் குறையும். மேலேறிய முன்நெற்றி மேக்கப் போட்ட நடிகர் எழுந்த அடுத்த நொடி நெற்றி வெளுத்துவிடும். அதைத் தடுக்க விளக்கை 12 அடிக்கு ஏற்ற வேண்டும். ஏற்றினால் வெளிச்சம் பரவும், பாவாடையை இன்னும் இறக்க வேண்டும், இறக்கினால் வைட் ஷாட்டில் பெட்டி ஃப்ரேமுக்குள் வரும். அமெரிக்க மேசைக்குப் பின்னால் பெரும்பாலும் உட்கார்ந்தே பேசும் டானுக்கு அது சரி. நாயக்கர் எழுகிறார், நடக்கிறார், மகளோடு சண்டை போடுகிறார். நடமாடும் காட்சிக்கு டாப் பெட்டி உதவாது. ஜன்னல், கதவு, பின்னாலிருந்து விளிம்பு ஒளி என்றுதான் போக முடியும்.

கட்டர்நெட்

அதான் நானும் சொல்றேன்! உட்கார்ந்த காட்சிகளுக்கு மட்டும்னு முதல்லயே எழுதியிருக்கேன், மேல போய்ப் படிங்க. நடக்குறப்போ வேற லைட், உட்கார்ந்தா டாப். நீங்க இவ்வளவு கணக்கு போட்டு என் கட்சியைத்தான் நிரூபிச்சிருக்கீங்க.

எதுல பாக்குறீங்கன்னு ஒண்ணு கேக்கட்டா?

பழையரீல்

நானும் அதைத்தான் கேட்க வந்தேன். நீங்கள் பார்ப்பது இணையத்தில் ஏறிய வீடியோ காப்பி. டிவிக்கு மாற்றும்போது கறுப்பைத் தூக்கிவிடுவார்கள், இல்லாவிட்டால் வீட்டுத் திரையில் ஒன்றும் தெரியாது. அதில் கண்குழியை அளப்பது, மூடுபனியில் மைல்கல் பார்ப்பது மாதிரி.

நிழல்விரும்பி

இந்த 'மணிரத்னம் படம் இருட்டு' புலம்பலுக்கும் இதானே காரணம். நெகட்டிவ்ல குறை இல்ல.

பழையரீல்

நெகட்டிவில் குறை இல்லை என்று யார் சொன்னது? நிழல்விரும்பி, தொடங்கிவைத்தீர்கள், மகிழ்ச்சி, தெரியாத இடத்தில் கால் வைக்காதீர்கள். பிரிண்டர் லைட், அதாவது நெகட்டிவிலிருந்து பிரிண்ட் போடும் ஒளியின் அளவு, 1 முதல் 50 வரை. நடு 25. கேமராவில் ஒரு ஸ்டாப் குறைத்து எடுத்தால் அதே முகத்தைச் சாதாரணமாகக் கொண்டுவர ஏழெட்டுப் புள்ளி கீழே வர வேண்டும். ஒன்றரை ஸ்டாப் குறைந்தால் 13, 14-க்கு வந்துவிடும். அங்கே கறுப்பு கறுப்பாக இருக்காது, பால் கலந்த சாம்பலாகும், கிரெயின் என்கிற ஃபிலிம் புள்ளிகள் மேலே வரும். எனவே குறைத்து எடுத்தவர் குறைத்தே பிரிண்ட் போடச் சொல்ல வேண்டும். லேபில் யாராவது "பாவம், இருட்டாக இருக்கிறதே" என்று இரக்கப்பட்டுத் திருத்தினால் படம் கெட்டது. திருத்தாமல் விட்டால் தியேட்டரில் அடி. ஃபிலிம் புரொஜெக்டர் காலத்தில் திரைக்கு 16 ஃபுட் லாம்பர்ட் (திரை வெளிச்சத்தின் அலகு) வேண்டும் என்பது அளவுகோல். புரொஜெக்டரில் எரியும் கார்பனை மிச்சம் பிடித்து, கண்ணாடியைத் துடைக்காமல் ஓட்டினால் அதில் பாதிதான் வந்தது, இன்னொரு ஸ்டாப் போச்சு. கண்குழி மட்டுமா, முகமே போய்விடும்.

கட்டர்நெட்

இருட்டுல ரெண்டு வார்த்தை வசனம், அதுவும் கேக்காது. கலப்புப் பாணி.

முற்றத்துவெயில்

பழைய ஜோக் சார் அது. அக்னி நட்சத்திரம் காலத்துல இருந்து ஓடுது.

இருட்டே மேற்கத்திய இறக்குமதின்னு பேசறீங்க. 1954-ல அந்த நாள் வந்தாச்சு. எஸ்.பாலசந்தர் படம், மாருதி ராவ் கேமரா, ஒரு பாட்டு கூட கிடையாது. கறுப்பு வெள்ளையில நிழலை வச்சே கதை சொன்னாங்க.

கட்டர்நெட்

பாட்டு இல்லாத படம் கலப்பாகுமா? அது முழு மேற்கு.

நிழல்விரும்பி

அப்போ பாட்டு இருக்கற நாயகன் கலப்பு. முதல் பதிவுல நான் சொன்னதும் அதானே?

கட்டர்நெட்

பாட்டு இருக்கு, ஆனா லைட் காப்பி.

பழையரீல்

மணிரத்னத்தின் 'இருவர்' படம் பற்றிப் பேசியபோதும் இதே ஆள் இதே வேலைதான் செய்தார். வெட்டாமல் நீளும் ஷாட்களை "ஹாலிவுட் ஸ்டெடிகேம் ஆசை" என்றார் (ஸ்டெடிகேம்: உடம்பில் மாட்டிக்கொண்டு ஆடாமல் நடந்து எடுக்கும் கேமரா). தமிழ் மேடை நாடக மரபில் நடிகர்கள் இடம் மாறி நின்று நீளப் பேசுவதைத்தான் சந்தோஷ் சிவன் கேமரா சுற்றிவந்து பிடிக்கிறது என்று விளக்கியும் பதில் வரவில்லை. அந்தப் பாக்கி இன்னும் இருக்கிறது.

கட்டர்நெட்

பாக்கியாம்! அன்னைக்கு நீங்க எழுதின கட்டுரை நீளத்தைப் படிச்சு முடிக்கவே ஒரு இருவர் ஓடி முடிஞ்சிடும். அப்புறம் 'டாப் லைட்'ங்கறதை முழுசா ஆங்கிலத்துல எழுதறீங்களே, மத்த இடத்துல எல்லாம் செந்தமிழ். 'மேலொளி'ன்னு எழுத வலிக்குதா?

பழையரீல்

மேலொளி என்றால் செட்டில் எந்த லைட்மேனும் திரும்பிப் பார்க்க மாட்டார். தொழிலில் புழங்கும் சொல்லைத்தான் எழுத வேண்டும். கட்டர், நெட் என்று ஒளியைத் தடுக்கும் சாமான்களின் ஆங்கிலப் பெயரை வைத்துக்கொண்டு எனக்குத் தமிழ்ப் பாடமா?

முற்றத்துவெயில்

'உச்சி ஒளி' நல்லா இருக்குமே?

பழையரீல்

வேண்டாம்.

நிழல்விரும்பி

விஷயத்துக்கு வரலாமா? தளபதியில கர்ணன் கதை. நம்ம மகாபாரதம். ஆனா சூரியனை ஹீரோவுக்குப் பின்னால வச்சு விளிம்பு ஒளியில எடுத்தது வெறும் அழகுக்கு இல்ல, அவன் சூரியன் மகன். லென்ஸும் அதுல சிதறுற வெளிச்சமான ஃபிளேரும் வெளியூர்ச் சரக்கு, அர்த்தம் உள்ளூர். இதைப் பேசினா கலப்பு புரியும்.

கட்டர்நெட்

அது பேக் லைட். நாம பேசறது டாப் லைட்.

பழையரீல்

முதன்முறையாகச் சரியாகச் சொன்னீர்கள். நிழல்விரும்பி, பேச்சை மாற்றாதீர்கள். இன்னொன்று, காட்ஃபாதர் ஒளிப்பதிவுக்கு அந்த வருடம் ஆஸ்கர் பரிந்துரை கூட வரவில்லை. நாயகன் ஒளிப்பதிவுக்கு இங்கே தேசிய விருது கிடைத்தது. காப்பி என்றால் காப்பிக்கு விருது, மூலத்துக்கு ஒன்றுமில்லையா?

கட்டர்நெட்

விருது கொடுத்தவங்க விளக்கை அண்ணாந்து பார்த்தாங்களா?

லென்ஸ்மூடி

நான் கேட்டதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

பழையரீல்

லென்ஸ்மூடி, அதற்குத்தான் 90, 63, 45 என்று கணக்கே போட்டேன். மேலே போய்ப் படியுங்கள். கட்டர்நெட் ஐயா, வேட்டி விஷயத்துக்கு உங்களிடம் இன்னும் பதில் இல்லை. டீத்தண்ணீரில் முக்கினாலும் வெள்ளை கறுப்பாகாது.

கட்டர்நெட்

வேட்டியை விடுங்க. விளக்கு எங்க தொங்குச்சு?