கெனியா மொழிகளை எப்படி வகைப்படுத்துவது? உதவி தேவை

வணக்கம். போர்னியோ தீவின் மொழிகள் ஒன்றுக்கொன்று எப்படி உறவு என்று காட்டும் ஒரு கிளைப்படம் தயாரித்து வருகிறேன். கெனியாவில் வந்து சிக்கிக்கொண்டது. (ஆப்பிரிக்க நாடு அல்ல, மலேசியாவின் சரவாக்கிலும் இந்தோனேசியக் கலிமந்தானிலும் வாழும் மக்களின் மொழி. ஆஸ்திரோனேசியக் குடும்பம்.)

உலக மொழிகளைத் தொகுக்கும் எத்னோலாக்கின் பழைய பட்டியல்களில் பாராம் கெனியா, மஹாகாம் கெனியா, கயான் ஆற்றுக் கெனியா என்று ஆற்றின் பெயரால் தனித்தனி மொழிகள். பிறகு அவற்றில் பலவற்றை ஒரே மொழியாகச் சேர்த்துவிட்டார்கள். ஆற்றை வைத்துப் பிரிப்பது எனக்கும் சரியாகப் படவில்லை. இந்த மக்கள் கலிமந்தானின் அப்போ கயான் மேட்டுநிலத்திலிருந்து பல திசைகளுக்கு இடம்பெயர்ந்தவர்கள். லெப்போ தாவ், படெங், பாக்குங் என்று குழுப்பெயரைச் சொன்னால்தான் பேச்சு ஓரளவு பிடிபடுகிறது. சரவாக்கில் பாக்குன் அணைக்காக 1990களின் இறுதியில் சுங்கை ஆசாப்புக்கு மாற்றப்பட்ட ஊர்களில் கெனியாக் குழுக்களும் கயான் என்ற வேறு இனத்தவரும் அக்கம்பக்கத்தில் வாழ்கிறார்கள். அங்கே ஆறு என்ன சொல்லும்?

அப்புறம் பெனான். காட்டில் அலைந்து வாழ்ந்தவர்கள் என்பதால் தனி இனமாகவே பேசப்படுகிறார்கள். ஆனால் ஒலி மாற்றங்களை ஒப்பிடும் ஆய்வாளர்கள் பெனானையும் செபோப் என்ற இன்னொரு சரவாக் மொழியையும் கெனியாவுக்குள் வைக்கிறார்கள். வாழ்க்கைமுறை வேறு, மொழி வேறு என்பதால் நானும் அந்தப் பக்கமே.

கேள்விகள் இவைதான். மேட்டுநிலக் கெனியா, தாழ்நிலக் கெனியா என்ற பிரிவைப் படத்தின் முதல் கிளையாக வைக்கலாமா? கிழக்குப் பெனானும் மேற்குப் பெனானும் ஒரே கிளையா? சரவாக்கின் மீரி, பிந்துலு நகரங்கள் பக்கம் இருப்பவர்களுக்குக் கெனியா நண்பர்கள் இருந்தால், யார் பேச்சு யாருக்குப் புரிகிறது என்று கேட்டுச் சொல்லுங்கள். சொற்பட்டியல் இருந்தால் இன்னும் நல்லது.