அம்பாசிடர் டைமிங்: காதா, லைட்டா?

மலைப்பாதை_அம்பி:
என்னுடையது 1988 மாடல் அம்பாசிடர், 1489 சிசி பெட்ரோல், இன்னும் பொறி கொடுக்கத் திறந்து மூடுகிற பழைய பாயிண்ட் செட்தான். ஏற்காடு ஏறும்போது மூன்றாவது கியரில் மிதித்தால் டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி நாக்கிங். மெக்கானிக் டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி வருகிற நேரத்தை, மாற்ற டிஸ்ட்ரிபியூட்டரைக் (பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்புகிற பாகம்) கொஞ்சம் திருப்பி விட்டார், இரண்டு நிமிட வேலை. சத்தம் குறைந்தது, ஆனால் இப்போது பிக்கப்பே இல்லை, இருபது கொண்டை ஊசி வளைவில் எட்டாவது வருவதற்குள் டெம்பரேச்சர் முள் மேலே போய் நின்றுவிடுகிறது. பொறி வரும்போதெல்லாம் மின்னி மார்க்கைக் காட்டுகிற டைமிங் லைட் வாங்கி நானே வைத்துப் பார்க்கலாமா, இல்லை வேறு ஆளிடம் காட்டலாமா?

ஸ்பேனர்_செட்:
லைட்டெல்லாம் வீண் செலவு தம்பி. எங்கள் அப்பா பட்டறையில் முப்பது வருஷம் காதை வைத்துத்தான் டைமிங் வைத்தார். ஐடிலிங்கில் டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பு, எஞ்சின் வேகமாக, சீராக ஓடுகிற இடத்தைப் பிடி, அங்கிருந்து ஒரு நூல் பின்னால் தள்ளு, மலையில் ஓட்டிப் பார். லேசாக நாக்கிங் எட்டிப் பார்த்து மறைந்தால் அதுதான் சரியான இடம். மேனுவல் எழுதினவன் அன்றைய பெட்ரோலுக்கு எழுதினான். இன்றைக்கு பங்கில் வருவது அந்தப் பெட்ரோலா?

பாயிண்ட்_கேப்:
அப்பாவின் கைப்பக்குவத்தை நான் குறை சொல்லவில்லை அண்ணா. ஆனால் டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடுவதற்கு முன்னால் அவர் பாயிண்ட் கேப், அதாவது பாயிண்ட் திறக்கிற இடைவெளி, பார்த்திருப்பார், அதை நீங்கள் விட்டுவிட்டீர்கள். கேப் குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் தானாகவே ரிடார்ட் ஆகும், பொறி பிந்தும். கேப் கூடினால் அட்வான்ஸ், பொறி முந்தும். அதைச் சரி பண்ணாமல் டைமிங் வைப்பது தள்ளாடுகிற ஸ்டூலில் ஏறி ஆணி அடிக்கிற கதைதான்.

அம்பி, முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பாயிண்டின் குதி கேம் மேட்டின் உச்சியில் நிற்கும்போது பீலர் கேஜில் (இடைவெளி அளக்கிற தகடு) 15 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, 0.38 மி.மீ. இருக்க வேண்டும். முகத்தில் குழியும் மேடும் இருந்தால் உப்புத்தாள் போட்டு ஓட்டாமல் புது செட் போட்டுவிடுங்கள், கண்டன்சரையும் சேர்த்து. கேமில் துளி கிரீஸ், அதிகம் வேண்டாம், தெறித்துப் பாயிண்டில் ஒட்டினால் மிஸ்ஸிங் வரும். பிளக் கேப் 25 தௌ.

பத்மினி_பைத்தியம்:
இரண்டு பேரும் பெட்ரோலை விட்டுவிட்டீர்கள். இருபது சதவீதம் எத்தனால் கலந்து வருகிறதே, நாக்கிங்குக்குக் காரணம் அதுதான்.

பாயிண்ட்_கேப்:
எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம் சார், அது நாக்கிங்கைக் குறைக்கிற பக்கம்தான் இழுக்கும். ஆனால் ஒன்று ஒத்துக்கொள்கிறேன்: பழைய கார்பரேட்டருக்குத் தானாக ஜெட்டை (பெட்ரோல் வருகிற துளை) பெரிதாக்கிக் கொள்ளத் தெரியாது, அதனால் கலவை மெலியும், மெலிந்தால் சூடு ஏறும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், பிஸ்கட் நிறத்தில் இருந்தால் கவலை இல்லை, வெள்ளையாக வெந்திருந்தால் கார்பரேட்டர் பக்கம் போங்கள். பழைய ரப்பர் ஹோஸையும் மாற்றிவிடுங்கள், எத்தனால் அதை ஊற வைத்துக் கெடுத்துவிடும்.

மலைப்பாதை_அம்பி:
கேப் பார்த்தேன். 10 தௌ. குதி தேய்ந்து மழுங்கியிருக்கிறது, கேம் காய்ந்து கிடக்கிறது. அப்படியானால் ஏற்கெனவே ரிடார்டில் இருந்த வண்டியை மெக்கானிக் இன்னும் ரிடார்ட் பண்ணிவிட்டாரா? அப்போ முதலில் நாக்கிங் எங்கிருந்து வந்தது?

பாயிண்ட்_கேப்:
நல்ல கேள்வி. அதற்குத்தான் லைட் வேண்டும். முதலில் பல்பு வைத்து ஸ்டாட்டிக் டைமிங் வையுங்கள். டாப் கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளி, ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கும்போது புல்லி வெட்டை உங்கள் எஞ்சினுக்கு மேனுவல் சொல்கிற டிகிரியில் நிறுத்துங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றுகிற ரோட்டார் ஒன்றாம் பிளக் ஒயரைப் பார்க்க வேண்டும். பாயிண்டுக்குப் போகிற ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே 12 வோல்ட் பல்பு, சாவியை ஆன் பண்ணி டிஸ்ட்ரிபியூட்டர் பாடியைத் திருப்புங்கள், பல்பு எரிகிற நொடியில் பாயிண்ட் திறக்கிறது. இதில் ரோட்டார் இடம்சுழி, அதனால் பாடியை வலம் திருப்பினால் அட்வான்ஸ்.

அப்புறம் வேக்குவம் குழாயைக் கழற்றி வாயை அடைத்துவிட்டு லைட் அடியுங்கள். மார்க் பெரும்பாலும் கீழ்ப்பக்கம் இருக்கும், படுத்துத்தான் பார்க்கணும், வெட்டில் சாக்பீஸ் தேய்த்துக்கொள்ளுங்கள். ஆக்சிலரேட்டரை மெல்லக் கூட்டும்போது மார்க் நிதானமாக நகர வேண்டும். ஐடிலிங்கைத் தாண்டியதுமே எகிறினால், உள்ளே வேகத்துக்கு ஏற்ப அட்வான்ஸ் கொடுக்கிற வெயிட்டின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. நின்ற இடத்திலேயே நடுங்கினால் ஷாஃப்ட் புஷ் தேய்ந்திருக்கலாம், அதற்கு எந்த டைமிங்கும் நிற்காது. ஐடிலிங்கில் காதை வைத்து ஸ்பிரிங்கைக் கண்டுபிடிக்க முடியுமா அண்ணா?

ஸ்பேனர்_செட்:
ஐடிலிங்கில் முடியாது, ரோட்டில் முடியும். கொஞ்ச ஆர்பிஎம்மிலேயே நாக்கிங் வந்து, மேலே போனால் போய்விட்டால் ஸ்பிரிங் என்று அப்பா சொல்வார். அம்பி அதைச் சொல்லவே இல்லையே. மூன்றாவது கியரில் எந்த வேகத்தில் வந்தது தம்பி?

மலைப்பாதை_அம்பி:
வளைவு திரும்பி மறுபடி மிதிக்கிற நேரத்தில், முப்பதுக்குள். வேகம் பிடித்தால் போய்விடும்.

ஸ்பேனர்_செட்:
ஸ்பிரிங்தான். லைட் காசு மிச்சம்.

மலைப்பாதை_அம்பி:
பக்கத்து வீட்டு அண்ணனிடம் லைட் இரவல் வாங்கினேன். புதுப் பாயிண்ட் போட்டு 15 தௌ வைத்து, பல்பில் டைமிங் வைத்தேன். லைட் அடித்ததும் மார்க் ஒரே தாவாகத் தாவியது. திறந்து பார்த்தால் ஒரு ஸ்பிரிங் கொக்கியைவிட்டுக் கழன்று வெயிட்டுக்கு அடியில் கிடந்தது. இரண்டு ஸ்பிரிங்கையும் மாற்றிவிட்டேன். நேற்று ஏறினேன், முள் நடுவிலேயே நின்றது. பதினேழாவது வளைவில் மட்டும் ஒரு நொடி லேசாக டிக் டிக் என்றது, மறைந்தது.

பாயிண்ட்_கேப்:
பாடியை அரை டிகிரி பின்னால் தள்ளிவிடுங்கள்.

ஸ்பேனர்_செட்:
தொடாதே தம்பி. அது இருக்க வேண்டிய டிக் டிக்.